சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளைப் பிரித்தறிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரையோடு தரையாகப் பறக்கும் நகத்தளவு நீல வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறதே, எப்படிப் பிரிப்பது? தென்னிந்தியச் சமவெளிகளில் சாதாரணமாகக் கண்ணில் படும் இனங்களை வைத்து, அந்தக் கேள்வியைப் பிரித்துப் பிரித்துப் பதில் எழுதியிருக்கிறேன். இனங்களின் ஆங்கிலப் பெயர்களையே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பூச்சி பார்ப்பவர்களில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், கையேடுகளில் தேடும்போதும் அதுதான் கைகொடுக்கும்.

மேலே பளிச்சென்று நீலமாக இருந்தது, அது எந்த இனம்?

அந்த ஒரு தகவலை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நீலம் என்பது இந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் பொது, அதனால் அடையாளம் காண அது மிகக் குறைவாகத்தான் உதவும். அது மட்டுமில்லை, இந்த நீலம் பெரும்பாலும் சாயத்தால் வருவதில்லை. இறக்கைச் செதில்களுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருகிறது. வெளிச்சம் விழும் கோணம் மாறினால் நிறமும் மாறும்: காலைச் சாய்வெயிலில் ஊதாவாகத் தெரிந்த அதே பூச்சி நிழலுக்குள் போனதும் சாம்பலாகிவிடும். வயதான பூச்சியில் செதில்கள் உதிர்ந்து நீலம் வெளுத்துப் போயிருக்கும். பல இனங்களில் பெண் பூச்சிக்கு நீலமே இருக்காது, இருந்தாலும் இறக்கை உடலோடு சேரும் பகுதியில் லேசாகத் தூவினாற்போல் இருக்கும்.

பார்க்க வேண்டியது இறக்கையின் அடிப்புறத்தை. பூச்சி இறக்கைகளை மூடி உட்கார்ந்திருக்கும்போது நமக்குத் தெரிகிற பக்கம் அது. அங்கே இருக்கும் புள்ளிகளும் கோடுகளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வெளிச்சத்துக்கேற்ப மாறுவதும் இல்லை.

அடிப்புறத்தில் எதை முதலில் பார்ப்பது?

ஒரு வரிசை வைத்துக்கொண்டால் குழப்பம் பாதியாகக் குறையும். முதலில் பின் இறக்கையில் வால் இருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழை போன்ற மெல்லிய வால்தான், சட்டென்று தெரியாது. அடுத்து, வால் இருக்கும் அந்த மூலையில், அதாவது பின் இறக்கையின் கீழ்க்கோடியில், கண் போன்ற கரும்புள்ளி உண்டா, உண்டென்றால் ஒன்றா இரண்டா, மேலே ஆரஞ்சு வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, இறக்கை முழுவதும் தனித்தனிப் புள்ளிகளா, அல்லது அலையலையான கோடுகளா. கடைசியாக முன் இறக்கை.

புல் நீலன்கள் எனப்படும் கிராஸ் புளூக்கள், கிராஸ் ஜுவல், லைம் புளூ, டெயில்லெஸ் லைன் புளூ, ஹெட்ஜ் புளூக்கள், குவேக்கர் இவற்றுக்கெல்லாம் வால் கிடையாது. கிராம் புளூ, ஃபர்கெட்-மீ-நாட், பிளெய்ன்ஸ் கியூபிட், பீ புளூ, ஸீப்ரா புளூ, செருலியன்கள், காமன் லைன் புளூ இவற்றுக்கு வால் உண்டு. இந்த ஒரு கேள்வியிலேயே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

ஆனால் வால் உடைந்திருந்தால்?

அடிக்கடி உடைந்துதான் இருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. வாலுள்ள ஒரு நீலன் வந்து உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அசையாமல் கவனியுங்கள். மூடிய பின் இறக்கைகளை ஒன்றோடொன்று உரசியபடி மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கும். அப்போது அந்த மெல்லிய வால்கள் உணர்கொம்புகள் போல ஆடும், பக்கத்தில் இருக்கும் கரும்புள்ளி கண் போலத் தெரியும், பின்பக்கம் தலையாகிவிடும். குதிக்கும் சிலந்தியோ பல்லியோ அந்தப் போலித் தலையைக் கடித்தால் வாலும் ஒரு துண்டு இறக்கையும் போகும், பூச்சி தப்பிவிடும். அதனால் வால் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்த மூலை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் பிய்ந்த தடம் இருந்தால் வாலைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கத்தரித்தாற்போல் போயிருந்தால், இறக்கை மூடியிருக்கும்போது கடிபட்டது என்று அர்த்தம். கண்புள்ளியின் மிச்சமாவது பெரும்பாலும் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

கையேடுகளில் 'செல்', 'இடம் 6', 'போஸ்ட்டிஸ்கல்' என்றெல்லாம் வருகிறதே?

பயப்பட வேண்டாம். இறக்கை உடலோடு சேரும் இடத்திலிருந்து கிளம்பி நடுப்பகுதி வரை நரம்புகளால் சூழப்பட்ட ஒரு பெரிய அறை இருக்கும், அதுதான் செல். செல் முடியும் இடத்தில் பெரும்பாலான நீலன்களுக்கு ஒரு சிறு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கும் வெளிவிளிம்புக்கும் நடுவில் வளைவாக ஓடும் புள்ளிவரிசைதான் போஸ்ட்டிஸ்கல் வரிசை, நாம் 'வெளிவரிசை' என்று வைத்துக்கொள்வோம். நரம்புகளுக்கு இடையில் உள்ள பட்டைகள்தான் 'இடம்', அவற்றைக் கீழிருந்து மேலாக எண்ணுவார்கள். பின் இறக்கையில் 7 என்பது முன்விளிம்பை ஒட்டி மேலே இருப்பது, 6 அதற்கு அடுத்துக் கீழே இருப்பது. இவ்வளவு தெரிந்தால் இந்தப் பக்கத்துக்குப் போதும்.

நான்கு கிராஸ் புளூக்களை எப்படிப் பிரிப்பது?

அதிகம் குழப்புவது இந்த நால்வர்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பேல், டார்க், லெஸ்ஸர், டைனி. நான்குக்கும் வால் இல்லை, அடிப்புறம் வெளிர் சாம்பல் அல்லது சாம்பல் பழுப்பு, அதில் வெள்ளை வளையத்துக்குள் கரும்புள்ளிகள், நான்கும் புல்லுக்குள் தாழப் பறக்கும், நான்கும் ஒரே புல்தரையில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும்.

முதல் கேள்வி, முன் இறக்கையின் அடிப்புறத்தில் செல்லுக்குள் ஒரு புள்ளி இருக்கிறதா என்பது. செல் முடிவில் இருக்கும் கோட்டைச் சொல்லவில்லை, அதற்கும் உள்ளே, உடல் பக்கமாக, தனியாக நிற்கும் புள்ளியைச் சொல்கிறேன். அது இருந்தால் பேல் அல்லது டார்க். இல்லையென்றால் லெஸ்ஸர் அல்லது டைனி.

புள்ளி இல்லாத ஜோடியை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது. பின் இறக்கையின் வெளிவரிசையை மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதல் புள்ளி முன்விளிம்பை ஒட்டி இருக்கும். இரண்டாவது புள்ளி, அதாவது இடம் 6-ல் இருப்பது, வரிசையோடு சேர்ந்து வளைந்து போகிறதா அல்லது வரிசையை விட்டு உள்ளே, உடல் பக்கம் தள்ளி நிற்கிறதா? தள்ளி நின்றால் லெஸ்ஸர் கிராஸ் புளூ. மற்ற மூன்று இனங்களிலும் அந்த வளைவு சீராகப் போகும், இவனில் மட்டும் அந்த இடத்தில் ஒரு முறிவு இருக்கும். ஒரு தடவை கண் பழகிவிட்டால் கைப்பேசியில் எடுத்த சுமாரான படத்தில்கூட இது தெரியும். என்னைக் கேட்டால் இந்தக் குடும்பம் முழுவதிலும் இவ்வளவு நம்பகமான அடையாளங்கள் சிலவே.

டைனியில் அந்த வளைவு சீராக இருக்கும். அதோடு முன் இறக்கையின் முன்விளிம்பில், செல்லுக்கு மேலே, மற்ற மூவருக்கும் இல்லாத ஒரு சிறு புள்ளி கூடுதலாக இருக்கும். உருவமும் மிகச் சிறியது, முன் இறக்கை கொஞ்சம் ஒடுக்கமானது, பறப்பது ரொம்ப மெதுவாக. ஆனால் அளவை மட்டும் வைத்து டைனி என்று சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் புழுப் பருவத்தில் சரியாகச் சாப்பாடு கிடைக்காத எந்த இனமும் குள்ளமாக வெளிவரும்.

இப்போது பேல், டார்க். ஆண் பூச்சி இறக்கையை விரித்தால் வேலை சுலபம். பேல் கிராஸ் புளூ ஆணின் மேற்புறம் வெள்ளி கலந்த வெளிர்நீலம், விளிம்பில் அகலமான கரும்பட்டை. டார்க் ஆணின் மேற்புறம் அடர்ந்த ஊதா நீலம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சந்தேகமே வராது. பெண்கள் இரண்டும் பழுப்பு, சிக்கல் அங்கேதான். நல்ல மேக்ரோ படம் இருந்தால் கண்ணைப் பாருங்கள்: பேலின் கூட்டுக்கண் மேல் நுண்ணிய மயிர் இருக்கும், டார்க்குக்கு வழவழப்பான கண். அந்த அளவுக்குத் தெளிவான படம் இல்லையென்றால் 'பேல் அல்லது டார்க்' என்று எழுதி விட்டுவிடுவதே நேர்மை.

பெயரில் புல் இருக்கிறது, அப்படியானால் புல்லையா தின்னும்?

இல்லை. புல்லுக்கு நடுவே முளைக்கும் சின்னச் செடிகளைத் தின்னும், அதுவும் ஒவ்வொன்றும் வேறு வேறு செடி. இது அடையாளம் காணப் பெரிய உதவி. பேல் கிராஸ் புளூவின் புழுவுக்குப் புளியாரை, மஞ்சள் பூப் பூக்குமே, தொட்டி மண்ணில் தானாக முளைப்பது, அதுதான். டார்க் கிராஸ் புளூ நெருஞ்சியிலும் குப்பைக்கீரையிலும் முட்டையிடும். லெஸ்ஸருக்கு சிறுபுள்ளடி போன்ற தரையில் படரும் பயறுக் குடும்பச் செடிகள். டைனிக்கு நீர்முள்ளி சேர்ந்த குடும்பத்துச் செடிகளின் பூவும் மொட்டும்.

ஒரு பெண் பூச்சி ஒரே செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, வயிற்று நுனியை வளைத்து இலையைத் தொட்டால், படத்தைவிட முக்கியம் அந்தச் செடி. அதையும் சேர்த்துப் படமெடுங்கள். ஆனால் தேன் குடிக்கும் பூவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. தேனுக்கு எந்தப் பூவும் சரிதான் என்று போகும்.

பேல் கிராஸ் புளூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பான் வரை பரவியிருக்கும் இந்த எளிய பூச்சியைத்தான் 2011 புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு கதிர்வீச்சின் பாதிப்பை அறிய ரியூக்கியு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய முதல் ஆய்வுக் கட்டுரை 2012-ல் வந்தது. எங்கும் கிடைப்பது, சீக்கிரம் தலைமுறை மாறுவது, மனிதர் வாழும் இடத்திலேயே வாழ்வது, இந்த மூன்றும்தான் அதைப் பயனுள்ளதாக ஆக்கின. காலடியில் கிடப்பது என்பதற்காக எதையும் அலட்சியமாகப் பார்க்கத் தேவையில்லை.

கிராஸ் புளூ போலவே சின்னதாக, ஆனால் ஓரத்தில் ஆரஞ்சோடு ஒன்று பார்த்தேன்?

கிராஸ் ஜுவலாக இருக்கும். இந்தியாவின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்று. பின் இறக்கை விளிம்பில் வரிசையாகக் கரும்புள்ளிகள், அவற்றில் உலோகப் பச்சைநீல மினுக்கம், சுற்றி ஆரஞ்சு. கிராஸ் புளூ எதற்கும் இந்த ஆரஞ்சு கிடையாது, அதனால் தயங்காமல் பிரிக்கலாம். மேற்புறம் பழுப்பு, நீலத்தை எதிர்பார்க்காதீர்கள். தேள்கொடுக்குச் செடியும் அவுரி இனச் செடிகளும் இருக்கும் காய்ந்த திறந்தவெளிகளில் தேடுங்கள்.

கிராம் புளூ, ஃபர்கெட்-மீ-நாட், பிளெய்ன்ஸ் கியூபிட் மூன்றும் ஒன்று போலவே இருக்கிறதே?

மூன்றுக்கும் வால் உண்டு, மூன்றின் அடிப்புறமும் சாம்பல், மூன்றுக்கும் மூலையில் ஆரஞ்சு சூடிய கண்புள்ளி. அதனால் குழப்பம் நியாயம்தான்.

முதலில் அந்த மூலையில் கண்களை எண்ணுங்கள். கிராம் புளூவுக்கு இரண்டு கரும்புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில், இரண்டுமே நன்றாகத் தெரியும், இறக்கையை விரித்தாலும் மேற்புறத்தில் அந்த இரண்டும் தெரியும். ஃபர்கெட்-மீ-நாட்டுக்கு எடுப்பாக இருப்பது ஒன்றே ஒன்று. பிளெய்ன்ஸ் கியூபிட்டுக்கு ஒன்று பெரியதும், அதன் பக்கத்தில் மிகச் சிறிய இன்னொன்றும்.

அடுத்து, கண்ணைப் பின் இறக்கையின் அடிப்பகுதிக்கு, உடலை ஒட்டிய பக்கத்துக்கு நகர்த்துங்கள். அங்கே வெள்ளை வளையமிட்ட உருண்டையான கரும்புள்ளிகள் நான்கு, மேலிருந்து கீழாக ஒரு வரிசையில் நின்றால் அது பிளெய்ன்ஸ் கியூபிட். கிராம் புளூவில் அந்த முழு வரிசை இருக்காது.

ஃபர்கெட்-மீ-நாட்டுக்குத் தனி அடையாளம் முன் இறக்கையின் அடிப்புறத்தில் இருக்கிறது. செல் முடிவுக் கோட்டுக்கும் வெளிவரிசைப் பட்டைக்கும் நடுவில், முன்விளிம்பை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி. அது சரியாக இரண்டுக்கும் நடுவில் நின்றால் ஃபர்கெட்-மீ-நாட். வெளிப்பட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் நின்றால் அதன் நெருங்கிய உறவினன் சில்வர் ஃபர்கெட்-மீ-நாட். இவ்வளவு சின்ன விஷயத்திலா இரண்டு இனம் பிரிகிறது என்று தோன்றலாம். ஆமாம், அவ்வளவு சின்ன விஷயத்தில்தான், அதனால்தான் முன் இறக்கை மறையாமல் படமெடுக்க வேண்டும் என்று கீழே வற்புறுத்தியிருக்கிறேன்.

இருக்கும் இடமும் உதவும். தோட்டத்தில் அழகுக்காக சைகஸ் வைத்திருந்து, அதைச் சுற்றி நீலப் பூச்சிகள் விடாமல் வட்டமிட்டால் பெரும்பாலும் பிளெய்ன்ஸ் கியூபிட்தான். சைகஸின் இளங்குருத்தில் முட்டையிடும், புழுக்கள் குருத்தைத் தின்றுவிடும், சுற்றி எறும்புகள் மொய்க்கும். கிராம் புளூ தட்டைப்பயறு, உளுந்து வயல்களில் நிறைய இருக்கும்.

லைம் புளூவும் பிளெய்ன்ஸ் கியூபிட் மாதிரிதானே?

அடிப்புறத்தில் அந்த நான்கு கரும்புள்ளி வரிசை இதற்கும் உண்டு, ஆனால் வால் கிடையாது. வறட்சிக் காலத்தில் பின் இறக்கையின் நடுவில் கருத்த திட்டு ஒன்று தோன்றும், அதைப் பார்த்து வேறு இனம் என்று நினைத்துவிடுவார்கள். காட்டு எலுமிச்சை, எலுமிச்சைக் குடும்ப முள்செடிகள் இருக்கும் இடத்தில் பாருங்கள்.

இதில் சுலபமாக அடையாளம் காணக்கூடியது ஒன்றாவது உண்டா?

உண்டு. இரண்டு இருக்கிறது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் இவற்றிலிருந்து தொடங்குங்கள். பீ புளூவின் அடிப்புறம் பழுப்பில் வெள்ளை அலைக்கோடுகள், பின் இறக்கையில் வெளிவிளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு அகலமான வெள்ளைப் பட்டை, மூலையில் இரண்டு கண்கள், வால். அந்த வெள்ளைப் பட்டை ஒன்றே போதும். தென் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா, ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் நீண்டதூரப் பயணி இது, கிலுகிலுப்பைச் செடியின் பூவிலும் காய்க்குள்ளும் இதன் புழுவைப் பார்க்கலாம்.

ஸீப்ரா புளூவுக்கு அடிப்புறம் வெள்ளையில் கரும்பழுப்புப் பட்டைகள், வரிக்குதிரை என்ற பெயர் பொருத்தம்தான். கொடிவேலிச் செடி இருந்தால் அதைத் தேடி வரும்.

கோடுகோடாக இருக்கும் மற்றவை? லைன் புளூ, செருலியன்?

இங்கேதான் பொறுமை வேண்டும். காமன் லைன் புளூவும் டெயில்லெஸ் லைன் புளூவும் அடிப்புறத்தில் அவ்வளவு ஒற்றுமை, முன்னதற்கு வால் உண்டு, பின்னதற்கு இல்லை. வால் பிய்ந்த காமன் லைன் புளூவை டெயில்லெஸ் என்று எழுதிவிடும் வாய்ப்பு அதிகம், அதனால் மூலை முழுசாக இல்லாத படத்தை 'லைன் புளூ' என்று மட்டும் குறிப்பதுதான் சரி. நகடூபா பேரினத்தைச் சேர்ந்த சிக்ஸ்-லைன் புளூக்களுக்கு முன் இறக்கையின் அடிப்பகுதியில் கூடுதலாக ஒரு ஜோடிக் கோடு இருக்கும், ஃபோர்-லைன் புளூவுக்கு அது இருக்காது. பெயரே எண்ணச் சொல்கிறது.

காமன் செருலியன் பறக்கும்போதே தெரிந்துவிடும், மேற்புறம் அவ்வளவு வெளிர், வெள்ளையில் நீலம் கரைத்தது போல. டார்க் செருலியன் இறக்கையை விரித்தால் உலோகப் பளபளப்போடு ஆழ்ந்த நீலம், முன் இறக்கையின் வெளிப்பாதி கறுப்பு. மூடிய நிலையில் டார்க்கின் அடிப்புறம் நன்றாகக் கருத்த பழுப்பு, அதில் மெல்லிய வெள்ளைக் கோடுகள்.

அடிப்புறம் வெள்ளை வெளேரென்று இருந்தால்?

பின் இறக்கையின் முன்விளிம்பில், நுனிப் பக்கமாக, ஒரு பெரிய கரும்புள்ளி தனித்து எடுப்பாக நின்றால் குவேக்கர். மேற்புறம் கரும்பழுப்பு, நிழலான புதர்களில் தயங்கித் தயங்கிப் பறக்கும். அதே புள்ளியோடு நிறையப் பழுப்புக் கீற்றுகளும் இருந்தால் மலாயன். சுண்ணாம்பு வெள்ளையில் பெரிய பெரிய கரும்பழுப்புப் புள்ளிகள் இறைந்து கிடந்தால் காமன் ஹெட்ஜ் புளூ, மலையடிவாரங்களிலும் காட்டோரங்களிலும் ஈரமண்ணில் உட்கார்ந்திருக்கும். அப்படி ஈரமண்ணில் உப்புச்சத்து உறிஞ்ச உட்காருபவை பெரும்பாலும் ஆண்கள்தான்.

ஒரே இனம் மழைக்காலத்தில் ஒரு மாதிரியும் கோடையில் ஒரு மாதிரியும் இருக்குமா?

இருக்கும். பல நீலன்களுக்கு மழைக்கால வடிவம், வறட்சிக்கால வடிவம் என்று இரண்டு உண்டு. மழைக்காலத்தில் புள்ளிகள் கருத்துத் திருத்தமாக இருக்கும், வறட்சியில் மங்கி, பின்னணியே பழுப்பேறிக் காய்ந்த சருகோடு கலந்துவிடும். இதில் மனதில் வைக்க வேண்டியது, புள்ளியின் அழுத்தம் மாறும், இருக்கும் இடம் மாறாது. லெஸ்ஸர் கிராஸ் புளூவின் அந்தத் தள்ளி நிற்கும் புள்ளி வறட்சியில் வெறும் நிழலாகத் தெரிந்தாலும் தள்ளித்தான் நிற்கும். அதனால் எவ்வளவு கருப்பு என்று பார்க்காமல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

எப்படிப் படமெடுத்தால் அடையாளம் காண முடியும்?

மூடிய இறக்கைக்கு நேர் எதிரே கேமரா இருக்க வேண்டும். சாய்ந்த கோணத்தில் எடுத்தால் புள்ளிகளின் வரிசையே மாறித் தெரியும், நேராக இருக்கும் புள்ளி தள்ளியிருப்பதாகத் தோன்றும். பூச்சியின் உயரத்துக்கு நீங்கள் இறங்க வேண்டும், அதாவது முழங்கால் போட்டோ படுத்தோதான் ஆக வேண்டும். உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் பாருங்கள், விழுந்தால் பறந்துவிடும்.

முன் இறக்கை விஷயம் இதுதான். நீலன்கள் ஓய்வாக உட்கார்ந்ததும் முன் இறக்கையைக் கீழே இறக்கிப் பின் இறக்கைக்குள் ஒளித்துக்கொள்ளும். செல் புள்ளி, டைனியின் முன்விளிம்புப் புள்ளி, ஃபர்கெட்-மீ-நாட்டின் நடுப்புள்ளி எல்லாமே மறைகிற இடத்தில்தான் இருக்கின்றன. வந்து உட்கார்ந்த முதல் சில நொடிகளிலும், தேன் குடிக்கும்போது நகரும்போதும் முன் இறக்கை உயர்ந்து நிற்கும், அப்போது எடுங்கள். நான்கைந்து படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்றிலாவது தெரியும். மேற்புறம் வேண்டுமென்றால் காலை இளவெயில்தான் நேரம், உடம்பைச் சூடாக்க இறக்கையைப் பாதி விரித்து உட்கார்ந்திருக்கும். ஃபிளாஷ் போட்டால் அந்த நீலத்தின் சாயல் மாறிவிடும், மேற்புறத்துக்கு அது வேண்டாம்.

செயலியில் படத்தைப் போட்டால் பெயர் சொல்லிவிடுகிறதே, அது போதாதா?

ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை தரும் யோசனை நல்ல தொடக்கம், முடிவு இல்லை. அது சொன்ன பெயரை எடுத்துக்கொண்டு, அந்த இனத்துக்கு இருக்க வேண்டிய புள்ளி உங்கள் படத்தில் இருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள். இல்லையென்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள். தவறான இனப்பெயர் ஒன்று பதிவில் ஏறி, அதை இன்னொருவர் ஒத்துக்கொண்டுவிட்டால், அந்தப் பூச்சி அங்கே இருப்பதாகவே ஆகிவிடும். பரவல் வரைபடங்கள் இந்தப் பதிவுகளிலிருந்துதான் உருவாகின்றன.

எவ்வளவு நல்ல படம் இருந்தாலும் சொல்ல முடியாத இனங்கள் உண்டா?

உண்டு. சில நெருங்கிய இனங்களை இனப்பெருக்க உறுப்பின் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள், இப்போது மரபணுவும் பார்க்கிறார்கள். எழுத்தாளர் விளாதிமிர் நபோக்கவ் 1940-களில் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அமர்ந்து அமெரிக்க நீலன்களை அப்படித்தான் ஆராய்ந்தார். அவை ஆசியாவிலிருந்து அலையலையாக அமெரிக்காவுக்கு வந்திருக்க வேண்டும் என்று 1945-ல் எழுதினார். 2011-ல் வெளியான மரபணு ஆய்வு அவர் சொன்னது சரி என்று காட்டியது. இறக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. அதனால் வலைத்தளத்திலோ நண்பர்களிடமோ 'இந்தப் படத்தில் சொல்ல முடியாது' என்று பதில் வந்தால் அதையும் ஒரு சரியான பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிடித்துப் பார்த்தால் சுலபம் அல்லவா?

வேண்டாம். இவ்வளவு சின்ன உடம்பைக் கையில் பிடித்தால் செதில்கள் உதிரும், இறக்கை கிழியும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் நீலன் குடும்பத்தைச் சேர்ந்த பல வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன, அவற்றைப் பிடிப்பது குற்றம். எது பட்டியலில் உள்ளது என்று அடையாளம் கண்டபின்தானே தெரியும், அதனால் பிடிக்காமல் இருப்பதே ஒரே வழி. நாம் பார்க்க வேண்டிய எல்லாம் உட்கார்ந்திருக்கும் பூச்சியிலேயே தெரிகிறது.

செடியில் புழு இருக்கிறது, சுற்றி எறும்பு. எறும்பு அதைத் தின்கிறதா?

பெரும்பாலும் இல்லை, காவல் காக்கிறது. நீலன் குடும்பத்துப் புழுக்கள் பலவற்றுக்கு முதுகின் பின்பகுதியில் இனிப்பு நீர் சுரக்கும் உறுப்பு ஒன்று உண்டு. எறும்பு உணர்கொம்பால் தட்டும், ஒரு சொட்டு வெளிவரும், எறும்பு குடிக்கும், பதிலுக்கு ஒட்டுண்ணிக் குளவிகளை அண்டவிடாது. வாழ்க்கை முறை தெரிந்திருக்கும் இனங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி எறும்போடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவை. புழு தட்டையாக, மரப்பேன் போல இலையோடு ஒட்டிக் கிடப்பதால் முதல் பார்வையில் தெரியாது, எறும்பு கூடியிருக்கும் குருத்தைத் தேடினால் புழுவும் கிடைக்கும். அந்தச் செடிக்கு மருந்து அடிக்காமல் விட்டுவைத்தால் சில நாட்களில் கூட்டுப்புழுவாகி, பூச்சி வெளிவரும். அப்போது இறக்கை புத்தம் புதிதாக, எல்லாப் புள்ளியும் தெளிவாக இருக்கும்.

பதிவு செய்யும்போது என்னென்ன எழுத வேண்டும்?

தேதி, இடம், நேரம். உட்கார்ந்திருந்த செடி, முட்டையிட்டதா தேன் குடித்ததா என்பது. வால் இருந்ததா, மூலை முழுசாக இருந்ததா. எந்த அடையாளத்தை வைத்து அந்தப் பெயருக்கு வந்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள், உதாரணமாக 'லெஸ்ஸர் கிராஸ் புளூ, செல் புள்ளி இல்லை, பின் இறக்கையின் இரண்டாம் புள்ளி உள்ளே தள்ளியிருக்கிறது' என்று. அப்படி எழுதினால் பின்னால் பார்ப்பவர் உங்களோடு ஒத்துப்போகலாம், அல்லது எந்தப் புள்ளியில் மாறுபடுகிறார் என்று சொல்லலாம்.